வி.கே.புரம், நெதர்லாந்து

3 ஜூலை 2025, வியாழன்

அறிவிப்பு. இன்று மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு, போர் இல்லாமல், ரத்தம் இல்லாமல், விக்கிரமசிங்கபுரம் கீழத்தெரு கதவு எண் பதினேழு மட்டும் இந்தியாவிலிருந்து பிரிந்து நெதர்லாந்து நாட்டோடு இணைந்தது. பதினாறும் பதினெட்டும் வழக்கம்போல இந்தியாவிலேயே நீடிக்கும். இணைப்பு விழாவுக்குத் தேங்காய் உடைக்கப்படவில்லை. இருந்த ஒன்றையும் அம்மா சட்னிக்கு எடுத்துவிட்டாள்.

எப்படி என்று வரலாறு கேட்கும். எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டு பிராட்பேண்ட் பெட்டிக்குப் பக்கத்தில், பீரோ மேல், குத்துவிளக்கு வைத்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால், சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கணினியை ஒளித்து வைத்திருக்கிறேன். அதற்குள் வி.பி.என். ஓடுகிறது. வி.பி.என். என்றால் ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து இணையத்துக்குப் போவது எல்லாம் அந்தக் குழாய்க்குள் புகுந்து, மறுமுனையில் இருக்கும் இன்னொரு பெட்டி வழியாகத்தான் வெளியே வரும். மறுமுனை ராட்டர்டாமில். என் வகுப்பு ரெக்சனின் அண்ணன் அங்கே துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அவர் அறை ஜன்னலோரம் அந்தப் பெட்டி. ஆகவே உலகத்தின் கண்ணுக்கு நாங்கள் இப்போது ராட்டர்டாம்காரர்கள். நேற்றுவரை காரையார் டேம், இன்றுமுதல் ராட்டர்டேம்.

குழாயைத் திறந்து வைத்துக் காவல் காக்கிற நிரலுக்கு டீமன் என்று பெயர். திரையில் முகம் காட்டாது, சத்தம் போடாது, பின்னாலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நாற்பது வரியில் ஓர் அமைப்புக் கோப்பு. அதில் இரண்டு சாவி: ஒன்றை ஊருக்குக் காட்டலாம், மற்றதைப் பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது. ஒரு வரி முழுக்கச் சுழியம். 'வீட்டை விட்டு எது கிளம்பினாலும் இந்த வழியாகவே போ' என்று பொருள். இன்னொரு வரியில் இருபத்தைந்து என்ற எண். இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை டீமன் ராட்டர்டாமைக் கூப்பிட்டு, 'இருக்கியா?' என்று கேட்கும்.

இத்தனையையும் ஒற்றை ஆளாக, பதினேழு வயதில், பிசிக்ஸ் ரெக்கார்டு எழுதாமல் செய்து முடித்தவன் முத்துசுப்பிரமணியன். பெயரை எழுதவே அரை வரி ஆகிறது.

அப்பா போனை எடுத்து வானிலை பார்த்தார். ராட்டர்டாம், பதினேழு டிகிரி, மழை. "ஏலே, போனுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. வெளிய வெயிலு மண்டையப் பொளக்கு. இது மழைங்கு." அம்மா சமையல் வீடியோ போட்டால் நடுவில் டச்சுக்காரி ஒருத்தி வந்து பாலாடைக்கட்டி விற்கிறாள். "இவ என்ன பாஷைலே பேசுதா? தொண்டையில முள்ளு சிக்குனவ மாதிரி!"

சிரிப்பை அடக்கிக் கொல்லைக்கு ஓடினேன். அக்கா மட்டும் இன்னும் கவனிக்கவில்லை. நாலு மணிக்கே வேலை முடித்து கம்பெனி லேப்டாப்பை மூடிவிட்டாள். நாளைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

4 ஜூலை, வெள்ளி

பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் டி.வி. ஓடவில்லை. அக்கா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மேசையில் லேப்டாப், மூடியபடி.

ஸ்னேகா அக்காவுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடுவாள். வாத்து முட்டினால்கூட ஒரு எண் இருக்கிறது. "தம்பி கடிச்சா என்ன நம்பர்க்கா?" என்று போன மாதம் கேட்டேன். "அதுக்கு நம்பரும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஓடுலே" என்றாள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். டீம் லீடர் ஹம்ஸினி மேடம் போனில் வந்திருக்கிறார்.

"எங்க இருக்கீங்க ஸ்னேகா?"

"வீட்லதான் மேடம்."

"எந்த வீடு?"

"வி.கே.புரம் வீடு."

"உங்க லாகின் நெதர்லாந்துல இருந்து வருது."

அக்கா சிரித்துவிட்டாளாம். மேடம் சிரிக்கவில்லை. நோயாளிச் சீட்டை இந்தியாவுக்கு வெளியே திறக்கவே கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். திறந்தால், கடவுச்சொல்லை யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று பொருள். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

இதில் இன்னொன்று இருக்கிறது. ஆகஸ்டு பதினைந்தோடு அக்காவுக்கு ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிகிறது. அப்பா சித்திரையில் வாக்குக் கொடுத்திருக்கிறார்: "வேலை நெலைச்சிட்டுன்னா ரெண்டு வருசத்துக்கு மாப்பிள்ளைப் பேச்சு எடுக்க மாட்டேன்ட்டி. நெலைக்கலைன்னா ஆவணியில அம்பாசமுத்திரத்துக்காரங்க வருவாவ. அப்ப எம்மேல கோவிச்சுக்கிடக் கூடாது." மில்லில் ஷிப்ட் பார்க்கிற என் அப்பா செந்தூர்பாண்டி, சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். இரண்டு பக்கமும்.

அக்கா என்னைப் பார்த்தாள். "லே, உனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்லா. இது எப்படிலே நடக்கும்?"

"ஹேக்கரா இருக்கும்க்கா."

வாய் என் வாய்தான். வேறு யாரும் வாடகைக்கு எடுத்திருக்கவில்லை.

5 ஜூலை, சனி

அக்கா குளிக்கப் போன நேரம் டீமனை நிறுத்தினேன். ஒரே ஒரு கட்டளை. அப்பா போனில் வி.கே.புரம், முப்பத்துநாலு டிகிரி. நாடு திரும்பினோம்.

பெட்டியைக் கழற்றவில்லை. பிராட்பேண்டு இப்போது அதன் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பிடுங்கினால் வீட்டில் நெட்டே நின்றுவிடும், ஏன் என்று கேட்பார்கள். பழையபடி மாற்ற வேண்டும். மாற்றலாம். எனக்குத் தெரியாததா? பிறகு மாற்றுகிறேன்.

சாயங்காலம் அக்கா விளக்கக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாரு." 'என் வீட்டில் இதுபோன்ற எந்த ஏற்பாடும் இல்லை, இருந்ததும் இல்லை' என்று ஒரு வாக்கியம். அதில் ஓர் எழுத்துப் பிழை. திருத்திக் கொடுத்தேன். இப்போது அது பிழையில்லாத பொய். அவள் அதை உண்மை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

8 ஜூலை, செவ்வாய்

கணக்கைத் திறந்து விட்டார்கள். 'முதல் முறை என்பதால்' என்று மெயில். அக்கா வீட்டு இணைப்பைத் தொடப் பயந்து, போனிலிருந்து நெட் எடுத்து வேலை பார்க்கிறாள்.

சொல்லலாமா? எதற்கு? நிறுத்தியாகிவிட்டது. செத்த பாம்பை எடுத்து மடியில் போட்டு 'பாருக்கா பாம்பு' என்று காட்டுவானேன்?

14 ஜூலை, திங்கள்

வகுப்பில் நெதர்லாந்துக் கதையைச் சொன்னேன் (அக்கா பகுதியை விட்டுவிட்டு). பையன்கள் வாயைப் பிளந்தார்கள். "நீயேவா லே செஞ்சே?" "பின்ன, உங்க தாத்தாவா?" ரெக்சன் கடைசி பெஞ்சில் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. நல்லவன்.

22 ஜூலை, செவ்வாய்

மாதாந்திர பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து இரண்டுவரை கரண்டு இல்லை. ஆடி அமாவாசைக் கூட்டம் வருவதற்குள் கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுகிறார்களாம். அக்கா அரைநாள் லீவு போட்டாள். நான் வந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் பழையபடி.

23 ஜூலை, புதன்

அப்பா போனில் ஏதோ காட்டினார். "ஏலே, மழைன்னு போட்டிருக்குலே." நானும் ரெக்சனும் நாளைக்குக் காரையார் போக வேன் பேசிக்கொண்டிருந்தோம். "அமாவாசைக்குச் சாரல் விழுந்தா நல்லதுதானப்பா" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

எழுதத்தான் வேண்டும்.

உள்ளூர் விடுமுறை. விடிந்ததிலிருந்து காரையார் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகிற வேனும் பஸ்ஸும் எங்கள் ஊரைப் பிழிந்துகொண்டு போயின. ஒவ்வொரு வேனிலும் இருபது பேர், இருபது பேர் கையிலும் போன். எட்டு மணிக்கெல்லாம் டவர் படுத்துவிட்டது. அக்கா போனை ஜன்னலில் வைத்தாள், மாடிப்படியில் வைத்தாள், கொல்லைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றியது. பன்னிரண்டு மணிக்குள் முப்பது சீட்டு முடித்துக் கொடுக்க வேண்டும்.

"வீட்டு லைன்ல போக்கா."

"வேண்டாம்லே. பயமா இருக்கு."

"நான் பாத்துட்டேன்க்கா. பக்காவா இருக்கு. முத்துசுப்பிரமணியன் கேரண்டி. எழுதித் தரவா?"

"உம் பேர எழுதி முடிக்கதுக்குள்ள பன்னிரண்டு ஆயிரும். சும்மா இரு."

சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டு இணைப்பில் நுழைந்தாள். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ரெக்சன் தெருமுனையில் நின்று கை காட்டினான்.

"லே."

அந்த ஒற்றை எழுத்தை அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உள்ளே போனேன். திரை முழுக்கச் சிவப்பு. கணக்கு முடக்கப்பட்டது. இடம்: ராட்டர்டாம்.

எப்படி? நிறுத்தினேனே! இந்தக் கையால் நிறுத்தினேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் போனிலிருந்து பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். டீமன் ஓடிக்கொண்டிருந்தது. 'கடைசியாகக் கைகுலுக்கியது: பத்தொன்பது நொடிக்கு முன்'. ராட்டர்டாமுக்கும் எங்கள் பீரோவுக்கும் அத்தனை உறவு.

ஓடுகிற நேரத்தைப் பார்த்தேன். நாற்பத்துநாலு மணி நேரம். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. கரண்டு வந்த நேரம்.

நான் நிறுத்தியது நின்றதுதான். ஆனால் கரண்டு போய் வந்ததும் பெட்டி விழித்து, தன் சோலியைத் தானே எடுத்துப் பார்த்திருக்கிறது. நேற்று அப்பா காட்டிய மழை எந்த ஊர் மழை என்று இப்போது தெரிகிறது.

டீமனை மறுபடி நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "நீ பாத்தேன்னு சொன்னியே. என்னத்தப் பாத்தே?"

நான் காரையார் போகவில்லை. ரெக்சன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

25 ஜூலை, வெள்ளி

வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு வீடியோவில் விசாரணை. ஹம்ஸினி மேடமும், இன்னும் இரண்டு பேரும். அக்கா தலைவாரி, நல்ல சுடிதார் போட்டு உட்கார்ந்தாள். அப்பா ஷிப்டுக்குப் போகாமல் படியில் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக எல்லாம் கேட்டது.

'என் வீட்டில் எந்த ஏற்பாடும் இல்லை' என்று அவள் எழுதிக் கொடுத்ததை அவளுக்கே படித்துக் காட்டினார்கள். பிறகு, கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். நாலு முறை கேட்டார்கள். முதல் முறை, "யார்ட்டயும் இல்ல மேடம்." இரண்டாம் முறையும் அதுவே. மூன்றாம் முறை, "எனக்குத் தெரியல." நாலாம் முறையும் அதையே சொன்னாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அம்மா, "போதும்லே, செரட்டையத் துருவுத" என்றாள்.

டீமன் தானாக எழுந்திருக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ரெக்சனிடம் கேட்கலாம். கேட்டால் — இல்லை. கேட்க முடியாது. ஏன் என்று இந்த நோட்டிலும் எழுத முடியாது.

28 ஜூலை, திங்கள்

மெயில் வந்துவிட்டது. மூன்று வரி. மேலும் பணியில் தொடர வேண்டாம். காரணம்: தகவல் பாதுகாப்பு மீறல்.

மூன்றே வரி. டீமனின் நாற்பது வரிக்கு.

1 ஆகஸ்டு, வெள்ளி

கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். அக்கா பழைய பனியன் துணியால் ஒவ்வொரு விசையையும் துடைத்தாள். சந்துக்குள் இருந்த மிக்சர் துணுக்கைக் குண்டூசியால் எடுத்தாள். யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிற மாதிரி. கூரியர் ஆபீசுக்கு நான்தான் தூக்கிப் போனேன். "உள்ள என்ன தம்பி? உடையுற சாமானா?" என்றார் அங்கிருந்தவர்.

"உடைஞ்சாச்சு அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நகைச்சுவை என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்தேன்.

10 ஆகஸ்டு, ஞாயிறு

அம்மா பால் வாங்கப் போய் வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பினாள். தெருவில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "ஏ ஆவுடை, ஒம் மவ வெளிநாட்டுக்காரனுக்கு கம்பெனி ரகசியத்த வித்துட்டாளாம்லா?"

அம்மா அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. அக்காதான் உளுந்தஞ்சோறு வைத்தாள். எல்லாருக்கும் பரிமாறினாள். எனக்கு எள்ளுத் துவையல் கூடுதலாக வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் சாப்பிட்டேன். அதுதான் கேவலம். சாப்பிட்டேன்.

12 ஆகஸ்டு, செவ்வாய்

நாளை சொல்லிவிடுவேன்.

13 ஆகஸ்டு, புதன்

நாளை.

14 ஆகஸ்டு, வியாழன்

நாளைக்கு நாளை என்று பெயர் வைத்தவன் என்னைப்போல ஒருத்தனாகத்தான் இருப்பான்.

15 ஆகஸ்டு, வெள்ளி

ஆறு மாதம் இன்றோடு முடிந்திருக்கும். பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அக்காவுக்கு என்று பையில் வைத்துக்கொண்டு வந்தேன். கொடுக்கவில்லை. பையிலேயே ஒட்டிக் கிடக்கிறது.

17 ஆகஸ்டு, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. அப்பா மெதுவாகத்தான் சொன்னார். "அடுத்த ஞாயிறு வாராவ. அப்பா சொன்னதுதானட்டி." அக்கா, "சரிப்பா" என்றாள். சண்டை போட்டிருக்கலாம். என்னோடு ரிமோட்டுக்குப் போடுகிற சண்டையில் கால்வாசியாவது போட்டிருக்கலாம்.

19 ஆகஸ்டு, செவ்வாய்

மாதாந்திர பராமரிப்பு. கரண்டு போய் வந்தது. அப்பா போனில் ராட்டர்டாம், மழை. எழுந்துவிட்டது. நிறுத்தப் போகவில்லை. ஓடட்டும். இனி அது யாரை என்ன செய்யும்?

பீரோ இருக்கிற அறையில்தான் அக்கா படுத்திருக்கிறாள். தலைக்கு மேல் அது இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு ஜன்னலைக் கூப்பிட்டு, 'இருக்கியா?' என்று கேட்கிறது. அங்கிருந்து பதில் வருகிறது. நானும் அக்காவும் ஆறடி தூரத்தில் இருக்கிறோம்.

24 ஆகஸ்டு, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அக்காள் ஒருத்தி. வாழைக்காய் பஜ்ஜி, கேசரி. அம்மா முந்திக்கொண்டு, "தம்பி கம்ப்யூட்டர்ல புலி" என்று என்னைக் காட்டினாள். மாப்பிள்ளையின் அப்பா கேசரியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "பாப்பாவ வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவளாமே. என்ன காரணம்? வெளிய பலதும் பேசுதாவ."

வீடே உறைந்தது. அப்போது நான் எழுந்தேன். கூடத்தின் நடுவில் நின்றேன். "மாமா, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் செஞ்சது" என்று தெளிவான குரலில் ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். எல்லாரும் அசந்துபோனார்கள். அக்கா கண்ணில் தண்ணீர்.

சொல்லிவிட்டேன். முத்துசுப்பிரமணியன் சொல்லிவிட்டான்.

31 ஆகஸ்டு, ஞாயிறு

நாளைக் காலை ஆறு பத்து பஸ்ஸில் அக்கா பாளையங்கோட்டைக்குப் போகிறாள். ஓர் ஆஸ்பத்திரியில் பழைய சீட்டுகளை அடுக்கிப் பதிவு செய்கிற வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அம்பாசமுத்திரத்துக்காரர்கள் தோது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, தெரு சொல்லிக்கொள்கிறது. அப்பா, "தை வரைக்கும் பேச்சு எடுக்க மாட்டேன்" என்றிருக்கிறார். இரண்டு வருசம் என்றது நாலு மாதமாகச் சுருங்கிவிட்டது. கம்பெனிக்கு நடந்ததை நான் எழுதி, அக்கா அனுப்பினாள். 'பதிவு செய்துகொண்டோம்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அப்பா என்னிடம் பேசி ஏழு நாள் ஆகிறது.

டீமன் நின்றுவிட்டது. அக்காதான் நிறுத்தினாள். நெட்டில் தேடி, அரைமணி நேரம் படித்தாள். 'நில்' என்று ஒரு கட்டளை. 'இனி கரண்டு வந்தாலும் தானாக எழுந்திருக்காதே' என்று தனியாக இன்னொரு கட்டளை. பிறகு பெட்டியைக் கழற்றி, பிராட்பேண்டைப் பழையபடி மாற்றினாள். அந்த இரண்டாவது கட்டளை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

இருபத்துநாலாம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

நான் எழுந்து நிற்கவில்லை. கூடத்தின் நடுவில் நிற்கவில்லை. கூடத்திலேயே இல்லை. அந்த மாமா கேட்டு வாயை மூடுமுன் நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே பேசுவது கேட்காமல் இருக்க வாளியில் குழாயைத் திறந்துவிட்டேன். கேட்டது. "எப்படி நடந்துச்சுன்னு எனக்கே தெரியல மாமா. ஆனா நான் யார்ட்டயும் குடுக்கல." அக்கா குரல். அப்புறம் பஜ்ஜித் தட்டுகளின் சத்தம். அப்புறம், "சொல்லி விடுதோம்." அப்புறம் கார் கிளம்பியது.

அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"லே, உள்ள என்ன பண்ணுத? அரைமணி நேரமா தண்ணி வழியுது."

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தேன்.

"வயிறு சரியில்லையாலே? ஓமத்தண்ணி தரட்டா?"

ஓமத்தண்ணி என்றாள். என்னை விசாரித்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவுக்கு இந்தப்பக்கம் நின்றே சொன்னேன். குழாயை மூடிவிட்டுச் சொன்னேன். நெதர்லாந்து, பீரோ, டச்சுக்காரி, நான் திருத்திக் கொடுத்த எழுத்துப் பிழை, அமாவாசை, தேங்காய் துருவியது, எல்லாம். சொல்லி முடித்தபிறகு அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"இருக்கியாக்கா?"

"இருக்கேன்."

கதவைத் திறந்தேன். அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்த ஒரு வாரம் எனக்கு லேசாக இருந்திருக்கும். நேராகப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, குத்துவிளக்குப் பெட்டியை நகர்த்தி, அந்தச் சோப்பு டப்பாவைத் தொட்டாள். சூடாக இருந்திருக்கும். கையை எடுத்து மறுபடி தொட்டாள்.

"இதைத் திரும்ப எந்திரிக்காம எப்படிலே நிறுத்தணும்?"

"தெரியாதுக்கா."

"நீதான செஞ்சே?"

இல்லை. அந்த நாற்பது வரியில் ஒரு புள்ளிகூட என்னுடையது இல்லை. ரெக்சனின் அண்ணன் லீவுக்கு வந்தபோது முழுக்க எழுதி, ராட்டர்டாம் முனையையும் அவரே கட்டி, பெட்டியை என் கையில் கொடுத்தார். "கரண்டு போனாலும் தானா எந்திரிச்சிக்கிடும், நீ ஒன்னும் செய்யாண்டாம்" என்றார். நல்ல விஷயம்தானே என்று தலையை ஆட்டினேன். நிறுத்துகிற கட்டளையை ரெக்சன்தான் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தான். வகுப்பில் நான் அளந்தபோது அவன் பென்சில் சீவியது இதனால்தான். அவனிடம் நான் கேட்க முடியாமல் போனதும் இதனால்தான். கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஜூலை ஐந்தாம் தேதியே.

இதையும் அக்காவிடம் சொன்னேன். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. மேலேயிருந்தபடியே கேட்டாள்.

"அப்ப நீ என்னதாம்லே செஞ்சே?"

"பிளக்கைச் சொருகுனேன்க்கா."